கார் நிற்காத இடங்கள்: மும்பை நகர உலாவும் நம் வரலாறும்



இந்த நினைவுப் பேருரைக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது, 'ஊர் சுற்றிப் பார்ப்பது' பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வன்கொடுமை வழக்குகளும் நிலமீட்புப் போராட்டங்களும் இருக்கும்போது சுற்றுலாவைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றுவது இயல்புதான். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த ஆசான், எந்த ஊருக்குப் போனாலும் பேருந்தைவிட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம ஆளுங்க இங்க எங்க இருந்தாங்க, என்ன வேலை செஞ்சாங்க?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு நான் ஒரு நாள் மும்பையைச் சுற்றினேன். அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

1. தொடங்கிய இடம்

என் பெரியம்மா 1978இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகித் தாராவிக்குப் போனவர். பெரியப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. தாராவியின் தோல் தொழிலும் திருநெல்வேலி ஆதிதிராவிடர் குடும்பங்களும் எவ்வளவு நெருக்கமானவை என்பது இங்கே பலருக்குத் தெரியும். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத்தில் வாழ்ந்தும், பெரியம்மா அதைச் சுற்றிப் பார்த்ததில்லை. போன வருடம் நான் அங்கே போயிருந்தபோது, அவர் மகள், எனக்குத் தங்கை, அம்மாவின் பிறந்த நாளுக்கென்று தனி நகர உலா ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தாள். குளிரூட்டப்பட்ட கார், ஓட்டுநர், வழிகாட்டி, எட்டு மணி நேரம். மூன்று பேரும் கிளம்பினோம்.

காலையில் வந்த வழிகாட்டிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல ஆங்கிலம், சுத்தமான இந்தி. எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வழக்கமா தாராவி எங்க லிஸ்ட்ல கடைசி இடம். இன்னைக்கு அங்கிருந்தே தொடங்குறோம்."

பட்டியலை வாசித்தார்: கேட்வே ஆஃப் இந்தியா, காலா கோடா, வி.டி. ரயில் நிலையம், மணி பவன், தொங்கும் தோட்டம், தோபி காட், விரும்பினால் தாராவி. தங்கை அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்த தெரு அந்தப் பட்டியலில் 'விரும்பினால்' பார்க்கும் காட்சியாக இருந்தது.

சமூகவியல் படித்தபோது மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞரைப் படித்தோம். நினைவு என்பது தனி மனிதனின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை, அதற்குச் சமூகம் ஒரு சட்டகம் போட்டுத் தருகிறது, இடங்களில் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றார் அவர். நகர உலா அப்படி ஒரு சட்டகம். கார் நிற்கும் இடம் வரலாறு ஆகிறது. நிற்காத இடம் வெறும் போக்குவரத்து நெரிசல் ஆகிறது.

2. இரண்டு வாசல்கள்

கேட்வே ஆஃப் இந்தியாவில் வழிகாட்டி பிழையில்லாமல் சொன்னார். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணியும் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பியது. அவர்கள் வந்தபோது இருந்தது அட்டையில் செய்த மாதிரி மட்டும்தான். 1913இல் அடிக்கல், 1924இல் திறப்பு. வரைந்தவர் ஜார்ஜ் விட்டெட். 1948 பிப்ரவரியில் கடைசிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு இதே வாயில் வழியாக வெளியேறியது. மன்னர் வந்த வாசல், படை போன வாசல்.

அங்கிருந்து வி.டி.க்கு வந்தோம். இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையம், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது, 1878இல் தொடங்கி முடிக்கப் பத்தாண்டுகள் ஆனது என்றெல்லாம் சொல்லி, வாயில் தூண்களின் மேல் இருக்கும் சிங்கத்தையும் புலியையும் காட்டினார். சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. பெரியம்மா சிங்கத்தைப் பார்க்கவில்லை. நடைமேடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளு ரயில்ல வந்து இங்கனதான் எறங்குனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்கு. உங்க பெரியப்பா ஆள காணும். ஒரு மணி நேரம் அந்தத் தூணுகிட்டயே நின்னேன்" என்றார்.

மன்னர் ஒரு முறை வந்ததற்கு ஒரு கல் வாயில். கொங்கணத்திலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் லட்சக்கணக்கில் வந்தவர்களுக்கு வாசல் இந்த ரயில் நிலையம். கல்லைப் பற்றிச் சொல்ல வழிகாட்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வந்து இறங்கியவர்களைப் பற்றிச் சொல்ல அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

3. நின்றும் சொல்லாமல் விட்டவை

கார் நிற்காத இடங்களைப் பற்றிப் பேசுமுன், கார் நின்றும் சொல்லப்படாதவற்றைச் சொல்ல வேண்டும்.

காலா கோடாவில், ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு எதிரே எல்பின்ஸ்டன் கல்லூரி நிற்கிறது. கட்டடக்கலை பற்றிச் சொன்னார்கள். 1912இல் பாபாசாகேப் அம்பேத்கர் பட்டம் பெற்று வெளியேறியது இந்தக் கல்லூரியிலிருந்து. பரோடா மன்னர் தந்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் படித்தார். ஆறு ஆண்டு கழித்து, கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்து, 1918இல் இதே நகரத்தின் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்குச் சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கிராமத்துக் குளம் மட்டும்தான் நமக்கு மறுக்கப்பட்டது என்று நினைப்பவர்கள், பம்பாயின் பேராசிரியர் அறையில் இருந்த அந்தப் பானையையும் நினைவில் வைக்க வேண்டும்.

அங்கிருந்து வி.டி. போகும் தாதாபாய் நவுரோஜி சாலையில் சித்தார்த்தா கல்லூரியின் ஆனந்த் பவன் இருக்கிறது. 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜூனில் அம்பேத்கர் இந்தக் கல்லூரியைத் திறந்தார். நகரத்தின் நடுவே, வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் பக்கத்தில், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஏழை மாணவருக்கும் இடம் தந்த கல்லூரி. கார் அதைக் கடந்தபோது சிக்னல் பச்சையாக இருந்தது.

அடுத்து மணி பவன். காந்தி 1917 முதல் 1934 வரை பம்பாய் வரும்போதெல்லாம் தங்கிய வீடு. ராட்டை, படுக்கை, நூலகம் எல்லாம் பார்த்தோம். 1931 ஆகஸ்ட் 14 அன்று அம்பேத்கர் காந்தியை முதன்முதலாகச் சந்தித்தது இந்த வீட்டில்தான். இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்குப் புறப்படவிருந்த நேரம். தீண்டாமையைப் பற்றி நீங்கள் பிறக்கும் முன்பிருந்தே நான் யோசித்து வருகிறேன் என்ற பொருளில் காந்தி பேசினார். எனக்குத் தாய்நாடு என்று ஒன்று இல்லை என்றார் அம்பேத்கர். நாய்க்கும் பூனைக்கும் கிடைக்கும் மரியாதைகூட எங்களுக்குக் கிடைக்காத மண்ணை எப்படிச் சொந்த நாடென்று சொல்வது என்று கேட்டார். இந்திய அரசியலின் மிக முக்கியமான உரையாடல்களில் ஒன்று அந்த வீட்டில் நடந்தது. எங்கள் வழிகாட்டி அதைச் சொல்லவில்லை. ஆனால் படியிறங்கும்போது ஒரு நிமிடம் நின்று, திரும்பி அந்த மாடியைப் பார்த்தார். அப்போது அதற்கு நான் பொருள் காணவில்லை.

4. தோட்டத்துக்கு அடியில் தண்ணீர்

மலபார் குன்றின் மேல் தொங்கும் தோட்டம். விலங்கு வடிவில் வெட்டிய செடிகள், கீழே கடல். அந்தப் புல்வெளிக்கு அடியில் இருப்பது தென் மும்பைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம். தண்ணீருக்கு மேலே மூடி போட்டு, மூடிக்கு மேலே தோட்டம் போட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பெரியம்மா குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்குக் கீழயா தண்ணி?" அவர் வாழ்க்கையில் பாதி நாள், விடிகாலைக் குழாயடி வரிசையில் குடத்தோடு தொடங்கியது.

இதே மாகாணத்தின் சட்ட மேலவையில் 1923 ஆகஸ்டில், பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கும் நீர்நிலைகளையும் பள்ளிகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று எஸ். கே. போலே தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். தீர்மானம் தாளில் இருந்தது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றுக்கொண்டது, குளம் மட்டும் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். திரும்பும் வழியில் அடி வாங்கினார்கள். மகாட் போராட்டத்தைப் பம்பாயில் இருந்து பிரித்துப் பார்க்க முடியாது. அதற்கான மனிதர்கள், பணம், அச்சகம், கூட்டம் நடத்தும் அனுபவம் எல்லாம் பம்பாயின் ஆலைத் தெருக்களில் உருவானவை. அந்தத் தெருக்கள்தான் அடுத்து எங்கள் பாதையில் வந்தன.

5. பாலத்துக்கு மேலேயா, கீழேயா

மகாலட்சுமி ரயில் நிலையத்தின் பக்கத்துப் பாலத்தில் நிறுத்தி, கீழே தோபி காட்டைக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான கல் தொட்டிகள், கொடிகளில் வரிசையாகத் துணிகள். எங்களுக்கு இரண்டு பக்கமும் வெளிநாட்டுப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உலகின் மிகப்பெரிய திறந்தவெளிச் சலவைக்கூடங்களில் ஒன்று, கடுமையான உழைப்பாளிகள் என்று எல்லா வழிகாட்டிகளும் ஒரே மாதிரி சொன்னார்கள். இந்த உழைப்பு ஏன் தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளுக்கு மட்டும் வாய்க்கிறது என்பது அந்தப் பாலத்தில் யாரும் கேட்காத கேள்வி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சாத் ரஸ்தா சந்திப்பு. அதற்குச் சந்த் காட்கே மகாராஜ் சௌக் என்று பெயர். சலவைத் தொழில் செய்யும் பரீட் சாதியில் பிறந்து, துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தெருவைக் கூட்டிவிட்டு, மாலையில் அந்த மக்களின் மூடநம்பிக்கையையும் சாதியையும் கூட்ட முயன்றவர் காட்கே பாபா. உழைப்பைக் காட்சியாக நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே, அந்த உழைப்பிலிருந்து எழுந்த சிந்தனையாளனின் பெயர்ப்பலகை. பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதற்கு அப்பால் ஆலைப் பகுதி. இப்போது வணிக வளாகங்களும் கண்ணாடிக் கோபுரங்களும். ஃபீனிக்ஸ் மில் இன்று பெரிய மால். பம்பாயின் முதல் பருத்தி ஆலை 1850களில் வந்தது. அடுத்த நூறாண்டில் ஆலைகள்தான் நகரம். அந்த ஆலைகளுக்குள்ளும் சேரி இருந்தது. சம்பளம் அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு வேலை கிடையாது. தார் மாற்றும்போது நூல் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம் எச்சில் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்றார்கள் மற்ற தொழிலாளர்கள். 1928 பெரிய வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சாதி வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்பவர்களையும் பிரிப்பது என்று பின்னாளில் அவர் எழுதியதற்குப் பின்னால் அந்த நாடாவும் நூலும் இருக்கின்றன. 1982 ஜனவரி 18 அன்று, தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடிக்கப்படவேயில்லை. ஆலைகள்தான் முடிந்துபோயின.

கார் லால்பாக் மேம்பாலத்தை நெருங்கியது. மேலே ஏறினால் பரேலில் இறங்கி நேராகத் தாதர் வழியாகத் தாராவி. அந்தப் பாலத்துக்கு அடியில் போகும் சாலையின் பெயர் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் சாலை. அப்போதுதான் வழிகாட்டி ஓட்டுநரிடம் சொன்னார்: "மேல வேண்டாம், கீழ போ." பிறகு எங்களைப் பார்க்காமல், "இது பேக்கேஜ்ல இல்ல" என்றார்.

பரேலில் ஒரு பழைய குடியிருப்பின் முன்னால் கார் நின்றது. 1896இல் பிளேக் வந்தபின் அமைத்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, தொழிலாளருக்குக் கட்டிய ஒற்றையறை வரிசை வீடுகள். மும்பைத் தமிழர் வாயில் 'சால்'. "இரண்டாவது மாடி. அறை எண் 50, 51" என்றார் வழிகாட்டி. 1912 முதல் 1934 வரை, வெளிநாட்டில் படித்த காலம் போக, அம்பேத்கர் வாழ்ந்தது இந்தச் சாலில். அவர் வெளிநாட்டில் இருந்தபோது ரமாபாய் இங்கே வறுமையோடு குடும்பத்தை நடத்தினார். ஐந்து பிள்ளைகளில் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். 1920 ஜனவரி 31 அன்று முதல் இதழ் வந்த 'மூக்நாயக்'கின் அலுவலகமும் இதே பரேலில். 1924இல் பகிஷ்கரித் ஹிதகாரிணி சபாவைத் தொடங்க முதல் கூட்டம் நடந்த தாமோதர் அரங்கமும் இங்கேதான். எங்கள் வழிகாட்டி இதையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். காலையிலிருந்து நாங்கள் கேட்காத குரல் அது.

6. தெரிந்தும் பேசாதவர்

அவரிடம் கேட்டேன், இவ்வளவு தெரிந்தும் எல்பின்ஸ்டனில், மணி பவனில் ஏன் சொல்லவில்லை என்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னாராம். ஒரு வாடிக்கையாளர், நாங்கள் விடுமுறைக்கு வந்தோம், அரசியல் கேட்க வரவில்லை என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டார். நட்சத்திரக் குறி குறைந்தது, அந்த மாத ஊக்கத்தொகையும் போனது. "தாராவியில கூட்டிட்டுப் போய் அடுத்தவன் வீட்டு வாசலைக் காட்டினா அது அரசியல் இல்லையாம். பாபாசாகேப் இருந்த ரூமைக் காட்டினா அரசியலாம்" என்றார். அவருடைய தாத்தா ஓர் ஆலையில் வேலை பார்த்தவர் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே நான் சொல்லாததற்குக் காரணம் உங்களுக்குப் புரியும்.

தோழர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. நம் வரலாறு மறைந்துவிட்டது என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். அது மறையவில்லை. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொன்னால் பிழைப்பு போகும் என்ற நிலையில் அவர்களை வைத்திருக்கிறார்கள். அறியாமையை ஒரு புத்தகம் எழுதிப் போக்கிவிடலாம். வாயடைப்பைப் போக்க, பேசுகிறவருக்குப் பின்னால் ஆட்கள் நிற்க வேண்டும்.

நேரம் இருந்ததால் அவர் இன்னும் இரண்டு இடங்கள் காட்டினார். தாதர் இந்து காலனியில் ராஜகிருகம். 1930களின் தொடக்கத்தில், மனிதர்களுக்காகக் கட்டினாரா புத்தகங்களுக்காகக் கட்டினாரா என்று சொல்லும்படி அம்பேத்கர் எழுப்பிய வீடு. 1935 மே 27 அன்று ரமாபாய் கண்மூடியது இங்கே. 2020 ஜூலையில் புகுந்து பூந்தொட்டிகளையும் சன்னல் கண்ணாடியையும் உடைத்ததும் இந்த வீட்டைத்தான். அடுத்து, கடற்கரையில் சைத்திய பூமி. 1956 டிசம்பர் 7 அன்று அவர் உடல் எரியூட்டப்பட்ட இடம். வழிகாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு எங்களுக்கு முன்னால் உள்ளே போனார்.

வொர்லியின் பி.டி.டி. சால்களுக்குப் போக நேரமில்லை. 1920களில் கட்டிய, 160 சதுர அடி அறைகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், 1972இல் பிறந்த தலித் பேந்தர்ஸ் 1974 ஜனவரி 5 அன்று கூட்டம் போட்டது. கலவரமும் காவல்துறைத் தாக்குதலும் தொடர்ந்தன. ஜனவரி 10 ஊர்வலத்தின்மீது மேலிருந்து கல் வீசியதில் பகவத் ஜாதவ் இறந்தார். காட்கோபர் ரமாபாய் நகருக்கும் போகவில்லை. 1997 ஜூலை 11 அன்று அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதைக் கண்டித்துத் திரண்ட மக்கள்மீது மாநில ரிசர்வ் காவல் படை சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த இடங்களுக்கு எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது.

7. சீட்டு இல்லாத உலா

ஆனால் இன்னொரு நகர உலா மும்பையில் எழுபது ஆண்டுகளாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 6 அன்றும் லட்சக்கணக்கான மக்கள், பெரும்பாலும் கிராமங்களிலிருந்து, சைத்திய பூமிக்கு வருகிறார்கள். சிவாஜி பூங்காவில் தங்குகிறார்கள், ராஜகிருகத்தைப் பார்க்கிறார்கள், கடை கடையாக ஏறி இறங்கிப் புத்தகம் வாங்குகிறார்கள். அழுக்கு, நெரிசல் என்று முகம் சுளிக்கும் நகரவாசிகள் உண்டு. அந்த மக்களுக்குக் காரும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. பாட்டி பேத்திக்குச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஆல்ப்வாக்ஸ் சொன்ன சட்டகத்தை இவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தாதரில் இந்து மில் நிலத்தில் 2015இல் அடிக்கல் நாட்டிய பெரிய நினைவகமும் சிலையும் எழுகின்றன. அது நம் போராட்டத்தால் வந்தது, வரவேற்போம். நாளை எல்லா உலா கார்களும் அங்கே நிற்கும். சிலையைக் காட்டிவிட்டு அறை எண் 50ஐ மறந்தால், நாடாவையும் நூலையும் மறந்தால், மறுபடி கட்டடக்கலை பற்றித்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் வெளியாட்களுக்குக் காட்டும் இடங்களின் பட்டியலை எடுங்கள். அந்த வழியிலேயே நடந்து, நம் மக்கள் எங்கே இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எங்கே கூட்டம் போட்டார்கள், எங்கே அடி வாங்கினார்கள் என்று முதியவர்களிடம் கேளுங்கள். நாள், பெயர், இடம் சரிபார்த்து எழுதுங்கள். உறுதியில்லாததை எழுதாதீர்கள், நம் வரலாற்றில் ஒரு பிழை இருந்தால் மொத்தத்தையும் பொய் என்பார்கள். நாலு பக்கம் அச்சிட்டு, வருடம் ஒரு முறையாவது சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு நடங்கள். வழிகாட்டி வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளைத் தேடிப் பேசுங்கள். ஒருவர் தனியாகச் சொன்னால் வேலை போகும். நூறு பேர் அதைக் கேட்டுப் பணம் கட்டி வந்தால் அதுவே பட்டியலில் ஏறும்.

மாலையில் தாராவிக்குத் திரும்பினோம். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்த இடத்தில் இப்போது எங்கும் ஒரே பேச்சு, மறுவளர்ச்சித் திட்டம். 2000 ஜனவரி 1க்கு முந்தைய தாள் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று. பெரியம்மா தகரப் பெட்டியோடு வந்து இறங்கியதற்குத் தாள் எதுவும் கிடையாது. குடும்ப அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

எங்கள் சந்துக்குள் அப்போது ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. வேறொரு வழிகாட்டி ஆங்கிலத்தில் தாராவியின் தொழில் முனைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவர்களைத் தாண்டிப்போய்க் கதவைத் திறந்து, எங்கள் வழிகாட்டியையும் ஓட்டுநரையும் உள்ளே உட்கார வைத்தார். நம் ஊரில் புதிதாக வந்தவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்போம், அதற்குள் எந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா அதைக் கேட்கவில்லை. தாராவி இந்தியில், டீக்குச் சர்க்கரை போதுமா பேட்டா என்று கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தப் பையன் காட்டுன ரூமுக்கு நம்ம பிள்ளைகள ஒரு நா கூட்டிட்டுப் போணும். நம்பரை எழுதி வை, மறந்துருவேன்."

எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.